மேடம் இருந்தா டென்ஷனே இல்ல

சச்சின் டெண்டுல்கர் இஸ்திரி போட்ட கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 மே மாதம் ஓர் இணைய உரையாடலில் அவரே சொன்னது. தன் ஆட்ட வாழ்க்கையில் பத்துப் பன்னிரண்டு வருடம், மேட்ச்சுக்கு முந்தின ராத்திரிகளில் தூக்கம் வராமல் தவித்திருக்கிறார். டிவி பார்ப்பாராம், வீடியோ கேம் ஆடுவாராம், டீ போடுவாராம், உட்கார்ந்து துணி தேய்ப்பாராம். பையை முதல் நாளே கட்டி வைத்துவிடும் பழக்கத்தை அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 2013 நவம்பரில் ஆடிய கடைசி மேட்ச் வரைக்கும் அதை விடவில்லை.

படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஏன் சாமி, இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? 1999 சேப்பாக்கம் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? முதுகு வலியோடு 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற மேட்ச். ஹாஸ்டல் டிவி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். "இந்த ஆளுக்கு உடம்புல நரம்பே கிடையாதுடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் தலையாட்டினோம். அன்றைக்கு அவரே எழுந்து வந்து எனக்கும் பயமாக இருக்கும் என்று சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம், அது வேறு விஷயம்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி. திருச்சியில் ஒரு கிளைக்கு மேலாளர். என்னைப் பற்றி ஊழியர்கள் பெருமையாகச் சொல்வது இது: "மேடம் இருந்தா டென்ஷனே இல்ல." மார்ச் 31 ராத்திரி, சிஸ்டம் படுத்துக்கொண்டு, ரீஜனல் ஆபீஸ் போனில் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதுகூட நான் குரலை உயர்த்தியதில்லை. ஆடிட்டர் கேட்கப்போகும் ஃபைல் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மேஜைமேல் இருக்கும்.

அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்டதில்லை. முந்தின ராத்திரி இரண்டரை மணிக்கு அந்த ஆடிட்டரோடு மனசுக்குள் ஒரு முழு விசாரணை நடந்து முடிந்திருக்கும். அவர் கேட்கக்கூடிய கேள்வி, கேட்க வாய்ப்பே இல்லாத கேள்வி, நான் சொல்லும் பதில், அதனால் வரும் மெமோ, மெமோவுக்கு விளக்கம், விளக்கம் எடுபடாமல் சஸ்பென்ஷன், பேப்பரில் பெயர், ஊரில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு ரேஷன் கடைக்குப் போவது. விடிவதற்குள் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும். காலையில் அந்த மனுஷன் வந்து, டீ குடித்து, நாலு வவுச்சரைப் புரட்டிவிட்டு, "எல்லா பிராஞ்சும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பு வரும். அரை மணி நேரத்தில் அடுத்த விஷயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வேலையில் பயப்படக் காரணமே இல்லை என்று சொன்னால் அது பொய். கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது என்பிஏ, அதாவது வாராக்கடன். அதற்குப் பிறகு அந்தக் கடனைச் சிபாரிசு செய்தது யார், கையெழுத்துப் போட்டது யார், ஆவணங்களைச் சரிபார்த்தது யார் என்று தோண்ட ஆரம்பிப்பார்கள். எப்போதோ வேறு ஊரில் போட்ட கையெழுத்து ஓய்வுபெறும் நேரத்தில் தேடி வந்து நின்ற கதை எங்கள் ஆட்களில் பலருக்கு உண்டு. எனவே வில்லங்கச் சான்றிதழை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பது ஜாக்கிரதை. பார்த்தாகிவிட்டது, வக்கீல் கருத்தும் வந்தாகிவிட்டது, பணமும் போய்விட்டது, தவணையும் ஒழுங்காக வருகிறது. அதற்கப்புறமும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சர்வே எண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பது ஜாக்கிரதை இல்லை. வேலை முடிந்ததும் ஜாக்கிரதை அடங்கிவிடும். மற்றது அடங்காது.

இது வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? பல் டாக்டர். தாடை வலி தாங்கவில்லை என்று போயிருந்தேன். சொத்தைப் பல் என்று நினைப்பு. அவர் வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க மேடம். கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போயிருக்கு. வேலையில ரொம்ப டென்ஷனா?" என்றார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்று பட்டென்று சொன்னேன். அந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட ஒப்புக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள். தூங்கும்போது போட்டுக்கொள்ள நைட் கார்டு என்று ஓர் உறை செய்து கொடுத்தார். பல் பிழைத்தது.

அதற்கு முன்னால் நெஞ்சுப் படபடப்புக்காக ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரிசல்ட் நார்மல். கேஸ் டிரபிள் என்று ஒருவர், பித்தம் என்று மாமியார், கண்ணேறு என்று பக்கத்து வீட்டு அக்கா. தைராய்டு பார்க்கச் சொன்ன டாக்டர் மட்டும் சரியான திசையில் யோசித்தார். தைராய்டு சுரப்பு அதிகமானாலும் இதே படபடப்பும் கை நடுக்கமும் வரும், அதை முதலில் பார்த்துவிட வேண்டும். எனக்கு அதுவும் சரியாகவே இருந்தது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்தால் மனுஷி சந்தோஷப்பட வேண்டும். "அப்படின்னா எதையோ கண்டுபிடிக்காம விட்டுட்டாங்க" என்றுதான் எனக்குத் தோன்றியது.

மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தும் மதுரைக்குத்தான் போனேன். திருச்சியில் டாக்டருக்கா பஞ்சம்? வரவேற்பறையில் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். "அவரும் அதுக்குத்தானே அங்க உக்காந்திருப்பாரு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் மதுரைக்கே டிக்கெட் போட்டேன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம் நாம். அங்கிருக்கும் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இத்தனை தலைமுறை நோயாளிகளைப் பார்த்த இடத்தை நம் சினிமா பெரும்பாலும் காமெடி டிராக்குக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள்தானே நானும்.

டாக்டரைப் பார்க்கப் போன லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தேதி வாரியாகப் பழைய ரிப்போர்ட்கள், அறிகுறிகளுக்கு ஒரு தாள், கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு தாள், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆஜர். அந்தம்மா ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. என்னையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதத் தயார் பண்ண எவ்வளவு நேரமாச்சு?" என்றுதான் முதலில் கேட்டார்.

பிறகு ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்பிட்ஸரும் அவருடைய குழுவும் உருவாக்கியது, ஜிஏடி-7 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, நிம்மதியாக உட்கார முடிந்ததா, சட்டென்று எரிச்சல் வந்ததா என்கிற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 21. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் தாண்டியிருந்தேன். "மத்தவங்க பொதுவா எவ்வளவு வாங்குவாங்க டாக்டர்?" என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

இணையத்தில் 'ஹை ஃபங்ஷனிங் ஆங்ஸைட்டி' என்று இப்போது நிறைய ஓடுகிறது. நோய்களை வகைப்படுத்தும் கையேடுகளில் அப்படி ஒரு நோய் கிடையாது. அங்கே இருப்பது 'ஜெனரலைஸ்டு ஆங்ஸைட்டி டிஸார்டர்', அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-இல் தனிப் பெயராக வந்தது. ஆறு மாதத்துக்குக் குறையாமல், இல்லாத நாளைவிட இருக்கும் நாள் அதிகம் என்கிற அளவுக்குக் கட்டுப்படுத்த முடியாத கவலை இருக்க வேண்டும். கூடவே களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கோளாறு போன்றவற்றில் சிலவும் இருக்க வேண்டும். இதனால் பெரும் அவதியோ, வாழ்க்கையில் பாதிப்போ இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை.

நான் அந்தக் கடைசி நிபந்தனையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத்தான் பாதிப்பே இல்லையே டாக்டர், புரமோஷன் வாங்கிட்டே இருக்கேனே?"

"ஆபீஸ்ல என்ன கெட்டுச்சுன்னு நான் கேக்கல. வீட்ல என்னென்ன நின்னு போச்சு?"

நின்றுபோனவற்றைச் சொல்ல ஆரம்பித்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. நாவல் படிப்பது நின்றுவிட்டது. கார் ஓட்டுவது நின்றுவிட்டது. சித்தி மகள் வளைகாப்புக்குப் போகவில்லை. தஞ்சாவூரில் இருக்கும் பள்ளித் தோழியை, ஒரு மணி நேரத் தூரம்தான், பார்க்காமலே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். லீவு போட்டால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பதால் லீவும் நின்றுவிட்டது. பையன் ஸ்கூலிலிருந்து வந்து ஏதாவது சொல்ல வந்தால், விஷயத்துக்கு வா, சீக்கிரம் சொல்லு என்பேன். ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகத்தான் சொன்னார்: "பேங்க்ல கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி ஒரு நாளைக்கு எங்ககிட்டயும் பேசேன்." சண்டை போட்டேன். இப்போது நினைத்தால், பல் டாக்டருக்கு அடுத்தபடியாகக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

பதற்றத்தை மறைத்து வாழ்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஊர் பார்க்கும் இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அங்கே ஒழுங்காக நடப்பதற்கான செலவு வேறு இடத்தில், வேறு ஆட்கள் தலையில் விழுகிறது. அவர்கள் புரமோஷன் கமிட்டியில் உட்காருவதில்லை.

இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆழமாக வேர் விட்டிருந்தது. இந்தப் பயம் போய்விட்டால் நான் ஒன்றுக்கும் உதவாதவளாகிவிடுவேன், இதுதான் என்னை ஓட வைக்கிறது என்ற நம்பிக்கை. எங்கள் பயிற்சி வகுப்பில்கூட ஒரு வளைகோட்டைப் போட்டுக் காட்டுவார்கள்: டென்ஷன் ஓரளவுக்கு இருந்தால் வேலைத்திறன் கூடும், ரொம்பப் போனால் குறையும். யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு பேர் 1908-இல் கண்டுபிடித்த விதி என்று மரியாதையோடு சொல்வார்கள். பிற்பாடு தேடிப் பார்த்தேன். அவர்கள் சோதித்தது எலிகளை. கறுப்புப் பெட்டிக்கும் வெள்ளைப் பெட்டிக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ள எந்த அளவு மின்சார ஷாக் கொடுக்கலாம் என்று பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கிளை மேலாளர்களுக்கு டார்கெட் வைப்பது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

மாட்டு வண்டிக்கு அடியில் நிழலுக்காக நடந்துவரும் நாய், வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுமாம். என் பதற்றம் அப்படித்தான் இத்தனை வருடம் நடந்து வந்திருக்கிறது. வேலையைச் செய்தது படிப்பு, பழக்கம், அனுபவம், கூட இருந்த ஹெட் கேஷியர். பேர் வாங்கியது பதற்றம். மனசின் தர்க்கம் ரொம்ப எளிமையானது: கவலைப்பட்டேன், விபரீதம் நடக்கவில்லை, ஆகவே கவலைப்பட்டதால்தான் நடக்கவில்லை. நடக்காமல் போன ஒவ்வொன்றும் அடுத்த கவலைக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

லஃப்ரெனியர், நியூமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வு. ஜெனரலைஸ்டு ஆங்ஸைட்டி உள்ளவர்களிடம், வரும் கவலைகளை எழுதிவைக்கச் சொன்னார்கள். ஒரு மாதம் வரை, எது நடந்தது எது நடக்கவில்லை என்று பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று நடக்கவே இல்லை. மொத்தம் 29 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வங்கிக்காரியான எனக்குப் பேரேட்டில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். என் நோட்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. நடந்த சிலவும் நான் பயந்தபடி நடக்கவில்லை, சமாளிக்கிற மாதிரிதான் நடந்தன.

மருந்து எடுத்துக்கொள்கிறேன். பெயரை எழுத மாட்டேன், எழுதினால் நீங்களே கடையில் போய் வாங்குவீர்கள். அது வேலை செய்யச் சில வாரம் பிடித்தது. ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டியது, படபடப்பு சற்றுக் கூடினாற்போலக்கூட இருந்தது. முன்னாடியே டாக்டர் எச்சரித்திருந்ததால் நிறுத்தவில்லை. இன்னொரு வகை மாத்திரை இருக்கிறது, அல்பிரசோலம். எங்கள் அதிகாரிகள் வட்டத்தில் பலபேர் பர்ஸில் வைத்திருப்பார்கள். அரை மணியில் ஆளை அமைதிப்படுத்திவிடும், அதுதான் ஆபத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, ஆனால் தெரிந்த கடைக்காரர் கொடுத்துவிடுவார். நாளாக ஆக ஒன்று இரண்டாகும், உடம்பு பழகிவிடும். ரொம்ப நாள் சாப்பிட்டுவிட்டு டக்கென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். யாராவது தோழி அன்பாக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேச்சு சிகிச்சையில் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் கேட்க அபத்தமாகத்தான் இருக்கும். கவலைக்கென்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். நடுவில் ஏதாவது வந்தால் குறித்துவைத்துக்கொண்டு, ஆறரைக்கு வா என்று அனுப்பிவிட வேண்டும். ஆறரைக்கு உட்கார்ந்தால் பாதி விஷயத்துக்கு உயிரே இருக்காது. அடுத்தது, மெயிலை ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பிவிட வேண்டும், அனுப்பியதைத் திறந்து பார்க்கக் கூடாது. ஸ்ட்ராங் ரூமை இரண்டு பேர் சாவி போட்டுப் பூட்டியபிறகு கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது விதி. இரண்டாவது தடவை இழுப்பது நான் சேர்த்துக்கொண்டது, அதை விட வேண்டும். முதல் நாள் இழுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டு ராத்திரி நான் பட்ட பாடு! பூட்டு பூட்டியபடியே இருந்தது. மறுநாள் கொஞ்சம் குறைந்தது. அப்படியே தேய்ந்தது. இரண்டாவது ஃபில்டர் காபியையும் விடச் சொன்னார்கள். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் அதுதான், இன்னும் முழுசாக விடவில்லை.

எங்கிருந்து வந்தது இது என்று யோசிக்காமல் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினேனா என்று திரும்பி வீட்டுக்கு நடந்த அம்மாவுக்கு மூத்த மகள் நான். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்கு இருக்கும் என்கின்றன. மீதிக்கு வளர்ப்பு, வாழ்க்கை, சுற்றியிருப்பவர்கள் என்று நிறைய இருக்கிறது. "அவ பாத்துக்குவா" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணை எதையும் கீழே வைக்க முடியாதவளாக்கிவிடலாம். அம்மாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவளுக்கு இதைக் கேட்கவும் ஆளில்லை.

அலுவலகத்தைக் குறை சொல்ல மட்டும் தயக்கமில்லை. ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸாப் குழுவில் வரும் கேள்விக்கு பதினொன்று ஒன்றுக்குப் பதில் போடுகிறவளை எந்த நிர்வாகமும், ஏம்மா தூங்கலையா என்று கேட்காது. அடுத்த நாள் மீட்டிங்கில் எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டும். என் வியாதி அவர்களுக்கு லாபம். அதனால் அங்கிருந்து யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தக் குழுவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கிளை ஒன்றும் மூழ்கிவிடவில்லை. நிஜமாகவே அவசரம் என்றால் போன் செய்கிறார்கள்.

2015-16-இல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. வசதியில்லாமல், டாக்டர் இல்லாமல் போகிறவர்கள் அதில் ஏராளம். என்னைப் போல எல்லா வசதியும் இருந்து, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று போகாதவர்களும் இருக்கிறார்கள். பணம்தான் தயக்கம் என்றால் ஒரு தகவல்: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு இருக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தாக வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ, எதைக் கொடுத்தாலும் கச்சிதமாக முடிக்கிற ஓர் ஆள் இருந்தால், உனக்கென்ன கவலை என்று மட்டும் கேட்காதீர்கள். ராத்திரி தூக்கம் வருதா என்று கேளுங்கள். முதல் தடவை "அதெல்லாம் நல்லா வருது" என்றுதான் பதில் வரும். கொஞ்ச நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அந்த ஆளே நீங்கள்தான் என்றால், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது, 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பேசுவதற்கு முன்னால் குறிப்பு எதுவும் தயார் செய்ய வேண்டாம்.